ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு வீராப்பு

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: இது வயரிங் கத்துக்குடுக்கிற பதிவு இல்லை. படிச்சிட்டு ஆர்வக்கோளாறுல யாரும் வீட்டு போர்டைக் கழட்ட வேண்டாம். இது ஒரு பையைப் பத்தின பதிவு. சரியாச் சொன்னா, ஒரு பையை முன்னாடி வெச்சுக்கிட்டு ரெண்டு தரப்போட போடுற சண்டை. மூணாவதா ஒரு தரப்பு இருக்கு, அது நீங்க. உங்ககிட்ட கடைசியா வர்றேன்.

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். வலையுலகத்துல ஆபீஸ் வேலைக்கு 'ஆணி புடுங்குறது'ன்னு பேர் வெச்ச காலத்துலயே எனக்கு ஒரு சின்னக் கூச்சம் உண்டு. நீங்க எல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து புடுங்குனீங்க. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி மெயின்டனன்ஸ் டிபார்ட்மெண்ட்ல சுவத்துல இருந்து நிஜமாவே புடுங்கிக்கிட்டிருந்தேன் :-) ஞாயித்துக்கிழமையானா சொந்தக்காரங்க, தெருக்காரங்க வீட்டு வயரிங். அந்தத் தகுதியிலதான் இதை எழுதறேன்.

போன ஞாயிறு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு டீக்கடை. காலைல ஏழரை மணிக்கு அங்க போனீங்கன்னா பெயிண்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் ஒட்டுறவங்கன்னு பாதி ஊரோட கைவேலை அங்க நின்னு டீ குடிச்சிக்கிட்டிருக்கும். நான் பையைக் கீழ வெச்சிட்டு கிளாஸை வாங்கினேன். பக்கத்துல நின்ன ஒரு தம்பி பையைப் பார்த்துச் சிரிச்சான். "எலக்ட்ரீஷியனுக்கு எதுக்குண்ணே இவ்ளோ பெரிய பை? ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர். பேன்ட் பாக்கெட்ல சொருகிக்கிட்டுப் போனா வேலை முடிஞ்சுது. பை தூக்கிட்டு வர்றவன் எல்லாம் வேலை தெரியாதவன்." சுத்தி நின்னவங்க எல்லாம் ஆமாஞ்சாமி போட்டாங்க. அவன்கூட வந்த ஹெல்பர் பையன் மட்டும் போனை நீட்டினான். ஏதோ வெளிநாட்டு ஆள் ஒருத்தர் அறுபது பாக்கெட் வெச்ச பையைத் திறந்து, ஒவ்வொரு டூலா எடுத்து கேமராவுக்குக் காட்டுற ரீல்ஸ். "பைன்னா இதுண்ணே!"

ஒரே டீக்கடையில ரெண்டு மூடநம்பிக்கை. ஒருத்தனுக்குப் பையே வேணாம். இன்னொருத்தனுக்குப் பை மட்டும் போதும்.

முதல் ஆளை முதல்ல எடுத்துக்கறேன். ஏன்னா 22 வயசுல நானும் அதே டயலாக்கைத்தான் அடிச்சிட்டுத் திரிஞ்சேன். கையில ஒண்ணும் இல்லாம வந்து, டெஸ்டரை வெச்சு ஒரு தொடு தொட்டு, "நியூட்ரல் கட்டுங்க"ன்னு சொல்லிட்டுப் போறதுல ஒரு ஹீரோயிசம் இருக்கு. ஸ்டெதாஸ்கோப்பே இல்லாம நாடி புடிச்சு வியாதி சொல்ற வைத்தியர் மாதிரி. ஆனா அந்த ஹீரோயிசம் எதை நம்பி நிக்குதுன்னு பார்ப்போமா? டெஸ்டருக்குள்ள ஒரு குட்டி நியான் பல்பு, ஒரு ரெசிஸ்டர், ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். ரெசிஸ்டர் சுமார் பத்து லட்சம் ஓம். 230 வோல்ட்டைப் பத்து லட்சத்தால வகுத்துப் பாருங்க, கால் மில்லி ஆம்பியர்கூட வராது. அந்தத் துளியூண்டு கரண்ட் உங்க விரல்ல ஏறி, உடம்பு வழியா தரைக்குப் போறதாலதான் பல்பு மினுக்குது. அதாவது டெஸ்டர் வயரை மட்டும் சோதிக்கிறதில்லை. கால்ல ரப்பர் செருப்பா, ஏறி நிக்கிறது மர ஏணியா பிளாஸ்டிக் ஸ்டூலா, உங்க கண்ணுக்கு நேரா வெயில் அடிக்குதா, எல்லாத்தையும் சேர்த்து ஒரு பதில் சொல்லுது. மொட்டை மாடியில, பகல் பதினோரு மணிக்கு, காய்ஞ்ச மர ஏணியில நின்னுக்கிட்டு டெஸ்டர் எரியுதா இல்லையான்னு சொல்லுங்க பார்ப்போம்.

நியூட்ரல் எங்கயாவது விட்டுப் போயிருந்தா இன்னும் கூத்து. ஃபேஸ் வந்து பல்போட இழை வழியா அந்தப் பக்கம் நியூட்ரல் வயருக்கும் போய் நிக்கும். டெஸ்டரை வெச்சா ரெண்டு பக்கமும் எரியும். "சார், ரெண்டுலயும் ஃபேஸ் வருது"ன்னு சொல்லிட்டு சுவத்தை உடைக்க ஆரம்பிச்ச ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். உடைச்ச சுவத்துக்குக் காசு குடுத்த வீட்டுக்காரங்களையும் பார்த்திருக்கேன்.

நான் சொல்றது இதுதான்: டெஸ்டர் எரிஞ்சா 'இங்க ஏதோ இருக்கு'ன்னு அர்த்தம். எரியலைன்னா அதுக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆனா நம்ம ஆளுங்க உயிரை வைக்கிறது அந்த ரெண்டாவது பதில் மேலதான்.

சும்மா வாய்ப்பேச்சு இல்லைங்க. ரெண்டு வருஷம் முன்னாடி பூந்தமல்லி கரையான்சாவடி பக்கம் ஒரு அடுக்குமாடி வீடு. என் சித்தி பையன் பால்கனி லைட் மாத்தப் போனான். லைசென்ஸ் இருக்கு, அனுபவம் இருக்கு, குடி கிடையாது. மெயினை ஆஃப் பண்ணினான். ஃபிரிட்ஜ் சத்தம் நின்னுடுச்சு. பிளாஸ்டிக் ஸ்டூல்ல ஏறி டெஸ்டர் வெச்சுப் பார்த்தான், நல்ல வெயில், ஒண்ணும் தெரியலை. கரண்ட் இல்லைன்னு முடிவு பண்ணி இடது கையால பால்கனி கிரில்லைப் புடிச்சுக்கிட்டு வலது கையால வயரைத் தொட்டான். அந்த லைட் இன்வெர்ட்டர் லைன்ல இருந்தது. ஒரு கையில நுழைஞ்சு, நெஞ்சு வழியா இன்னொரு கைக்கு. தூக்கி அடிச்சதுல கீழ விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கி, பிளேட் வெச்சு, நாலு மாசம் வேலை இல்லை. கிரில் பக்கமா விழாம உள்ள விழுந்தான், அது அவன் அம்மா கும்பிட்ட சாமி. வீட்டுக்காரர் ஆட்டோ காசும் ஐநூறு ரூபாயும் குடுத்தார்.

இன்வெர்ட்டர் சமாச்சாரத்தைக் கொஞ்சம் கவனிங்க. 2008-க்கு அப்புறம் வந்த கரண்ட் கட் காலத்துல நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துடுச்சு. கட் போன பிறகும் இன்வெர்ட்டர் போகலை. நாம மெயினை இறக்கினதும் அது என்ன நினைக்கும்? 'அய்யோ பாவம், கரண்ட் போயிடுச்சு போல'ன்னு நினைச்சு உடனே பேட்டரியில இருந்து 230 வோல்ட்டைத் தள்ளும். பாதுகாப்புக்குன்னு நாம செய்யுற காரியமே அதை எழுப்பி விட்டுடுது. இப்ப மாடியில பேட்டரியோட சோலார் வைக்கிற வீடுகளும் சேர்ந்துக்கிச்சு. 'மெயின் ஆஃப்'ங்குறது நம்ம அப்பா காலத்து உண்மை.

சரி, அவன்கிட்ட டெஸ்ட் லேம்ப் இல்லையா? இருந்தது! ஒரு ஹோல்டர், ரெண்டு வயர், ஒரு குண்டு பல்பு. நான்தான் செஞ்சு குடுத்தேன். அது எங்க இருந்தது? பையில. பை எங்க இருந்தது? ரெண்டு மாடிக்குக் கீழ, தெருவுல, பைக்ல. ஏன்? பன்னெண்டு கிலோ கனம். சுத்தியல், உளி, டிரில்லிங் மெஷின், அரை காயில் வயர், மூணு வருஷமா தொடாத பழைய சுவிட்ச், எல்லாம் ஒரே பையில. லைட் ஒண்ணுதானேன்னு டெஸ்டரையும் பிளேயரையும் பாக்கெட்ல சொருகிட்டு மேல போயிட்டான்.

அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து யோசிச்சப்பதான் எனக்கு உறைச்சுது. இத்தனை வருஷமா பை வாங்குறதை நாங்க எல்லாம் தப்பான கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறோம். 'எவ்ளோ பொருள் புடிக்கும்'ங்குறது இல்லை கேள்வி. 'எது என்கூட கண்டிப்பா மாடி ஏறும்?'

அதனால ஒரு பை இல்லை, ரெண்டு பை. சின்னப் பை ஒண்ணு, ரெண்டரை மூணு கிலோவுக்கு மேல போகாதது, பல்பு மாத்தப் போனாலும் தோள்ல இருக்கணும். பெரிய பை வண்டியில கிடக்கலாம், வேலை என்னன்னு தெரிஞ்சப்புறம் போய் எடுத்துக்கலாம். சின்னப் பையில முதல்ல வர வேண்டியது பிளேயர் இல்லை. டார்ச், டெஸ்ட் லேம்ப், மீட்டர், எம்.சி.பி. பூட்டு. இதுக்குப் பின்னாடிதான் பிளேயர், ரெண்டு திருப்புளி, ஸ்ட்ரிப்பர், டேப். டெஸ்டரும் இருக்கட்டும், நான் அதுக்கு விரோதி இல்லை. குறி பார்க்கட்டும், ஜோசியம் சொல்லட்டும், தீர்ப்பு மட்டும் சொல்லக் கூடாது.

பூட்டுன்னதும் டீக்கடைத் தம்பி மறுபடி சிரிச்சான். அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிடறேன். நான் எஸ்டேட்ல வேலைக்குச் சேர்ந்தப்ப எங்க ஃபோர்மேன் ஒருத்தர், காக்கி கேன்வாஸ் பை வெச்சிருப்பார். அப்ப எல்லாம் பீங்கான் ஃப்யூஸ் கட்டை. எந்த மெஷின்ல கை வைக்கிறதா இருந்தாலும் மூணு ஃபேஸ் கட்டையையும் கழட்டி, அந்தப் பையோட வெளிப் பாக்கெட்ல போட்டு, பக்கிளை மாட்டி, பையைத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் வேலை செய்வார். அந்தப் பாக்கெட்ல வேற எதையும் வைக்க விடமாட்டார். ஒரு தடவை நான் பீடிக்கட்டு வெச்சு வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஷிஃப்ட் சூப்பர்வைசர் வந்து "எவ்ளோ நேரம்யா, லைனைப் போடுய்யா"ன்னு கத்தினாலும் போட முடியாது. கட்டை அவர் தோள்ல. அவர் இறங்கி வந்தாத்தான் லைன்.

பெரிய கம்பெனிகள்ல இப்ப லாக் அவுட், டேக் அவுட்னு கிளாஸ் எடுக்கிறாங்க. அதுக்கு ஒரு நோட்டீஸ் போர்டு, ஒரு ஆடிட்டு. எங்க ஃபோர்மேனுக்கு அந்த வார்த்தை எதுவும் தெரியாது. ஒரு காலிப் பாக்கெட் தெரியும்.

வீடுகள்ல எம்.சி.பி. வந்ததும் என்ன ஆச்சுன்னா, கழட்டி எடுத்துக்கிட்டுப் போக ஒண்ணும் இல்லாம போச்சு. நல்ல சாமான்தான், ஷார்ட் ஆனா டக்குனு விழுது, சந்தேகமே இல்லை. ஆனா யார் வேணா தூக்கி விடலாம். நீங்க பெட்ரூம்ல சுவத்துக்குள்ள கையை விட்டிருப்பீங்க. ஹால்ல பாட்டிக்கு சீரியல் டைம். "இந்த சுவிட்சு ஏன் கீழ இருக்கு?"ன்னு ஒரு தட்டு. முடிஞ்சுது. பாட்டி மேல கேஸ் போட முடியுமா? எம்.சி.பி. மேல மாட்டுற சின்ன கிளிப்பும் ஒரு குட்டிப் பூட்டும் ஒரு பிரியாணி காசுக்குள்ள முடிஞ்சுடும். சாவி என் பையில, அதே காலிப் பாக்கெட்ல. இன்வெர்ட்டர் இருந்தா அதையும் ஆஃப் பண்ணி, பின்னாடி அவுட்புட் பிளக்கையும் உருவி எடுத்து அது மேலயே வைக்கிறேன். பிளக் சின்னதா இருந்து கழண்டு வந்துட்டா அதுவும் பாக்கெட்டுக்குள்ள.

அப்புறம் சோதனை. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, இங்கிலாந்து எலக்ட்ரீஷியன் பசங்களுக்கு முதல் பாடமே இதுதான். டெஸ்ட் லேம்ப்போ மீட்டரோ, முதல்ல கரண்ட் இருக்குன்னு நிச்சயமாத் தெரிஞ்ச இடத்துல வெச்சு அது வேலை செய்யுதான்னு பாரு. அப்புறம் வேலை செய்யப் போற இடத்துல வெச்சுப் பாரு. மறுபடியும் போய் முதல் இடத்துல பாரு. நடுவுல பல்பு ஃப்யூஸ் போயிருந்தாலோ மீட்டர் வயர் அறுந்திருந்தாலோ மாட்டிக்கும். மூணு தடவை. மொத்தமா ஒரு நிமிஷம்.

மீட்டர் மட்டும் போதாதான்னு கேப்பீங்க. டிஜிட்டல் மீட்டர் ரொம்ப சென்சிட்டிவ். ஒரே பைப்புல பக்கத்துல ஓடுற வயரோட தூண்டுதலால சும்மா கிடக்கிற வயர்லகூட அறுபது, எண்பது வோல்ட்னு பேய் காட்டும். டெஸ்ட் லேம்ப் பல்பு அதுக்கெல்லாம் மசியாது, நிஜமான கரண்ட் வந்தாத்தான் எரியும். ஆனா டெஸ்ட் லேம்ப்லயும் வில்லங்கம் உண்டு. ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவுல வெச்சா 415 வோல்ட்ல பல்பு வெடிச்சுடும், அதனால மூணு ஃபேஸ் இடங்களுக்கு ரெண்டு பல்பை சீரிஸ்ல போட்டது வேணும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல வெச்சு எர்த் பார்க்கிற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு உண்டு. அந்த வீட்டு எர்த் எங்கயாவது அறுந்திருந்தா பல்பு வழியா ஃபேஸ் போய் ஃபிரிட்ஜ் பாடி, கிரைண்டர் பாடி எல்லாத்துலயும் ஏறி நிக்கும். அந்த நேரம் யாராவது ஃபிரிட்ஜைத் திறந்தா... சரி விடுங்க. ரெண்டும் பையில இருக்கணும், எது எதுக்குன்னு தெரிஞ்சிருக்கணும். பல்பு உடையாம இருக்க பாதியா வெட்டின வாட்டர் பாட்டிலுக்குள்ள வெச்சிருக்கேன்.

இப்ப அறுபது பாக்கெட் கட்சிக்கு வர்றேன். தம்பி, அந்தப் பையில பாதிப் பாக்கெட் அவங்க ஊர் மரச்சுவத்து வீட்டுக்கு. நம்ம வீடு செங்கல், சிமெண்ட், உள்ள பி.வி.சி. பைப். நமக்கு உளி வேணும், ஹாக்சா பிளேடை உடைச்சு டேப் சுத்தின கத்தி வேணும், பைப்புக்குள்ள வயர் இழுக்க ஸ்டீல் கம்பி வேணும், வயர் வழுக்கிப் போக பவுடர் டப்பா வேணும். அதுக்கெல்லாம் அந்த ரீல்ஸ்ல இடம் இல்லை. பாக்கெட் இருந்தா நிரப்பத் தோணும். நிரப்பினா கனக்கும். கனத்தா கீழ விட்டுட்டுப் போவே. அறுபது பாக்கெட்டும் என் சித்தி பையன் பையும் கடைசியில ஒரே இடத்துலதான் வந்து நிக்குது. அமெரிக்காவுல கிளைன்னு ஒரு பெரிய டூல் கம்பெனி, 1857-ல சிகாகோவுல ஆரம்பிச்சது. ஒரு தந்தி லைன்மேன் உடைஞ்ச பிளேயரோட பாதியைக் கொண்டு வந்தாராம், பட்டறைக்காரர் புதுசா ஒரு பாதி அடிச்சு சேர்த்துக் குடுத்தாராம். கொஞ்ச நாள்ல மிச்சமிருந்த பழைய பாதியும் உடைய, அதுக்கும் ஒரு பாதி. அந்தக் கம்பெனியே சொல்ற அதோட பிறப்புக் கதை இது. அந்த லைன்மேன்கிட்ட எத்தனை பாக்கெட் இருந்திருக்கும்?

நான் பை கடையில வாங்கலை. ஆவடியில பைக் சீட் கவர் தைக்கிற பாய் ஒருத்தர்கிட்ட தைச்சது, 450 ரூபாய். அவர்கிட்ட நான் கேட்டது சிலதுதான். கீழ வெச்சா தானா நிக்கணும், அதுக்கு அடியில ஒரு பலகைத் துண்டு. ஜிப் வேணாம், சிமெண்ட் தூசிக்கு ஜிப் ஆறு மாசம் தாங்காது, மூடியும் பக்கிளும் போதும். உள்பக்கத் துணி வெள்ளையோ வெளிர் மஞ்சளோ இருக்கணும். இதைக் கேட்டதும் பாய் "அழுக்காயிடுமே தம்பி"ன்னார். அழுக்காகட்டும் பாய். எலக்ட்ரீஷியன் மத்தவங்க மாதிரி இல்லை, அவன் வேலையை ஆரம்பிக்கிறதே வீட்டை இருட்டாக்கிட்டுத்தான். கறுப்பு டேப்பும் கறுப்புப் பிடி திருப்புளியும் கறுப்புப் பைக்குள்ள கிடந்தா எப்படித் தேடுறது? கடையில விக்கிற பை எல்லாம் ஏன் உள்ளயும் கறுப்பா இருக்குன்னு இன்னிவரைக்கும் எனக்குப் பிடிபடலை.

அடுக்கினப்புறம் ஒரு பரீட்சை. கண்ணை மூடிக்கிட்டு, என் பொண்ணு பேர் சொல்லச் சொல்ல எடுக்கணும். டார்ச், மீட்டர், பூட்டு, டேப். தடவித் தேடினேன்னா அந்தப் பொருளோட இடம் தப்பு, மாத்திடுவேன். மீட்டர் பக்கத்துல சுத்தியல் கூடாது. சுத்தியல், உளி எல்லாம் பெரிய பைக்கு. (2019-ல நேசமணி புண்ணியத்துல உலகமே சுத்தியலுக்காகப் பிரார்த்தனை பண்ணுச்சு. மீட்டருக்காக யாரும் பண்ணமாட்டாங்க.) ஸ்க்ரூ, பிளக் எல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல, அதுவும் பிளாஸ்டிக் பாட்டில்ல. வேலை முடிஞ்சு கிளம்புறப்ப ஒவ்வொண்ணும் அதோட இடத்துல இருக்கான்னு பாக்குறது திருட்டுக்குப் பயந்து இல்லை. டிபி பாக்ஸுக்குள்ள ஒரு திருப்புளியை மறந்து வெச்சு மூடினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு, "அதெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கணும் சார்"னு. அரசாங்கம் பார்த்திருக்கு. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகள்லயே லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் மூலமாத்தான் வயரிங் வேலை நடக்கணும்னு இருந்தது, 2010-ல வந்த புது விதிகளும் அதையே சொல்லுச்சு. கிண்டி தொழிற்பேட்டையில மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கு, தகுதிச் சான்றிதழ் இருக்கு. ஆனா அந்த விதியிலயே ஒரு விலக்கு இருக்கு: பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாத்துற மாதிரி சின்ன வேலைக்கு லைசென்ஸ் காண்ட்ராக்டர் தேவையில்லை. நியாயமான விலக்குதான், ஒரு பல்புக்கு யார் போய் காண்ட்ராக்டரைத் தேடுறது? ஆனா பால்கனி லைட்டும் அந்தச் சின்ன வேலையிலதான் வருது. 2023-ல மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டு வந்து டூல்ஸ் வாங்க 15,000 ரூபாய்னு அறிவிச்சப்ப ஆசையா பட்டியலைப் பார்த்தேன். 18 தொழில். பூட்டு செய்யுறவர் உண்டு, சுத்தியல் செய்யுறவர்கூட உண்டு. எலக்ட்ரீஷியன் இல்லை. தமிழ்நாடு அந்தத் திட்டத்தையே வேணாம்னுடுச்சு, அது வேற அரசியல், அதுக்கு இங்க கும்மி வேணாம்.

2020-ல மட்டும் இந்தியாவுல மின்சாரம் தாக்கி இறந்தவங்க 13,000-க்கும் மேலன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்லுது. வயல்ல மோட்டார் போடப் போனவங்க, மழையில கம்பத்தைத் தொட்டவங்க, எல்லாரும் சேர்த்துத்தான்.

இப்ப உங்ககிட்ட வர்றேன். ஆமாங்க, பதிவு படிக்கிற, மாசம் பொறந்தா சம்பளம் வாங்குற, வீட்டுக்கு இன்வெர்ட்டர் வெச்சிருக்கிற உங்ககிட்ட. சுவிட்ச் மாத்த வந்தவர் 300 ரூபாய் கேட்டா "பத்து நிமிஷ வேலைக்கு முன்னூறா?"ன்னு கேக்குறீங்க. அவர் பையைத் திறந்து மீட்டரை எடுத்தா "அதெல்லாம் எதுக்குப்பா, எங்க பழைய ஆளு டெஸ்டர்லயே பார்த்துடுவாரு"ன்னு சொல்றீங்க. பூட்டை எடுத்தா "ஃபிரிட்ஜ் ஓடணுமே"ங்குறீங்க. நான் நேர்ல வாங்கிக்கிட்டதுதான் இதெல்லாம். நீங்க குடுக்கிற காசு அவர் கை வேலைக்கு மட்டும். அந்தக் கையை பத்திரமா திருப்பிக் கொண்டு போறதுக்கு ஆகுற அஞ்சு நிமிஷத்துக்கு நீங்க குடுக்கிறதில்லை. அந்த அஞ்சு நிமிஷத்தை எடுத்துக்கிட்டா 'ஸ்லோவான ஆளு'ன்னு அடுத்த தடவை கூப்பிடுறதும் இல்லை. அப்புறம் அவன் ஏன் பையைக் கீழ விட்டுட்டு வரமாட்டான்? டீக்கடைத் தம்பியோட வீராப்பை வளர்த்து விட்டதே நாமதான் சார். கை வீசிக்கிட்டு வர்றவன் கெட்டிக்காரன்னு சர்டிபிகேட் குடுத்தது நாம.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வந்தப்ப இதோட உச்சத்தைப் பார்த்தேன். அம்பத்தூர் எஸ்டேட்ல தண்ணி, ஆவடி, திருமுல்லைவாயல் பக்கம் வீடுகளுக்குள்ள இடுப்பளவு தண்ணி. வடிஞ்ச மறுநாள் போன் மேல போன், எல்லாருக்கும் ஒரே வரி: "லைனைப் போட்டுக் குடுங்க." பிளக் பாயிண்டைக் கழட்டினா தண்ணி ஊத்துது. அந்த ஈரத்துல டெஸ்டர் எவ்ளோ ஆபத்து தெரியுமா? நனைஞ்ச டெஸ்டருக்குள்ள தண்ணி போய் ரெசிஸ்டரைத் தாண்டி ஒரு வழி போட்டுடும். உங்களுக்கும் ஃபேஸுக்கும் நடுவுல இருந்த பத்து லட்சம் ஓம் காணாம போயிடும், அப்புறம் விரல்தான் ஃப்யூஸ். அந்த வாரம் நான் மெக்கர் இல்லாம ஒரு வீட்டுலயும் லைன் போடலை. 500 வோல்ட் வெச்சுப் பார்த்து ஒரு மெகா ஓமுக்குக் கீழ காட்டினா ஃபேன் காத்துல காய விடு, நாளைக்கு வர்றேன். ஒரு வீட்டுல "அண்ணன் தம்பியாப் பழகிட்டு இப்படிப் பண்றியே"ன்னு கோவிச்சுக்கிட்டு வேற ஆளைக் கூப்பிட்டாங்க. அந்த ஆள் பை இல்லாமதான் வந்தார். ஒண்ணும் ஆகலை, லைன் வந்துடுச்சு. அதுதான் இந்தத் தொழில்ல பெரிய கொடுமை. பத்துல ஒன்பது தடவை ஒண்ணும் ஆகாது, அந்த ஒன்பதும் சேர்ந்து நம்ம முகத்துக்கு நேரா சிரிக்கும்.

மெக்கர் விலை தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாதுதான். நாங்க நாலு பேர் பங்கு போட்டு ஒண்ணு வாங்கியிருக்கோம், யாருக்கு வேணுமோ அவங்க வீட்டுல இருந்து இன்னொருத்தர் எடுத்துக்குவோம். சண்டை இதுவரைக்கும் வரலை. மீட்டருக்கு பங்கு கூடாது, அது பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி, அவங்கவங்களுது.

அடுத்த தடவை உங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்தா கேளுங்க, "தம்பி, மீட்டர் கொண்டாந்திருக்கியா?" இல்லைன்னா "போய் எடுத்துட்டு வா, நான் வெயிட் பண்றேன்"னு சொல்லுங்க. இன்வெர்ட்டர் எங்க இருக்கு, எந்த ரூம் அதுல ஓடுதுன்னு அவர் கேக்கிறதுக்கு முன்னாடி நீங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. பாட்டியை அரை மணி நேரம் வேற ஏதாவது பேசிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க. கூட ஒரு நூறு ரூபாய் கேட்டா குடுங்க சாமி.

டீக்கடைத் தம்பி இதையெல்லாம் பொறுமையாக் கேட்டான். ரெண்டாவது டீ அவன்தான் வாங்கிக் குடுத்தான். சீட் கவர் பாய் கடை எங்க இருக்குன்னு வழி கேட்டு போன்ல குறிச்சுக்கிட்டான். பையை எடுத்து, அந்த வெளிப் பாக்கெட்டைத் திறந்து பார்த்தான்.

"இது சும்மாதானேண்ணே கிடக்கு, இதுல செல்போன் வெச்சுக்கலாமா?"

கூடாதுன்னேன்.